தானாக ஓடும் ரயில்

இசோமுரா, ஜப்பான்
14 மே 2023

அன்புள்ள டேவிஸுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே குளிர் போய்விட்டது, என் கைவிரல் வெடிப்புகளும் ஆறிவிட்டன. நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று தினமும் போனில் கேட்கிறேன். நீயும் தினமும் "நல்லா இருக்கோம்க்கா" என்கிறாய். போன் இருப்பதோ அம்மாவின் தலைமாட்டில், அதுவும் ஸ்பீக்கரில். வேறென்ன சொல்லிவிட முடியும் உன்னால்? அதனால்தான் இந்தக் கடிதம். அவள் முன்னால் சொல்ல முடியாததை எழுதி அனுப்பு. எழுத்துப்பிழை வருமே என்று கூச்சப்படாதே. கோவில் மறைக்கல்வி வகுப்பில் உனக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

போன வாரம் அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து, "நாலு சுவத்தையே பாத்துப் பாத்துப் பைத்தியம் புடிக்குதுக்கா" என்றாயே, அது என் காதை விட்டுப் போகவில்லை. ஹெப்பாள் கம்பெனி வேலையை நீ விட்டது சின்ன விஷயமில்லை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நான் இந்த முதியோர் இல்லத்தில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நான் சம்பாதிப்பது, நீ பார்த்துக்கொள்வது என்று இரண்டு பேரும் பேசித்தானே முடிவு செய்தோம். இங்கே என் ஒப்பந்தம் அடுத்த ஏப்ரலில் முடிகிறது. முடிந்ததும் வந்துவிடுவேன். அதுவரை பொறுத்துக்கொள்.

உன் பொழுதுக்காக ஒன்று அனுப்பியிருக்கிறேன். இங்கே யாருக்கும் வேண்டாமல் போன பழைய கேம் டிஸ்க்குகளைக் கூடையில் கொட்டி விற்கிறார்கள். வாளோடு ஒருவன் நிற்பது, மீன் பிடிப்பது, சமையல் செய்வது, ரயில் ஓட்டுவது என்று அட்டைப் படத்தைப் பார்த்து நான்கு எடுத்தேன். பள்ளிக்கூட நாளில் அப்பாவிடம் அழுது வாங்கினாயே ஒரு கேம் பெட்டி, அது பரண்மேல்தானே இருக்கிறது? இறக்கித் துடைத்து வை.

அம்மாவுக்குக் குதிகால் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார். மறக்காதே.

அன்புடன்,
உன் அக்கா செலின்


காந்திநகர், மைசூரு
20 ஜூன் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

டேவிஸ் எழுதுவது. பார்சல் உடையாமல் வந்து சேர்ந்தது. வாள்காரன் டிஸ்க்கைப் போட்டேன். சரியான டிஸ்க்கைப் போடு என்று டிவி என்னைத் திட்டியது. நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டேன், அதே திட்டு.

அஷ்வினியை அம்மாவிடம் உட்கார வைத்துவிட்டு (பக்கத்து வீட்டுக்குக் குடிவந்திருக்கிறாள், பிளவுஸ் தைப்பவள், சொந்த ஊர் கௌதள்ளிப் பக்கம்) பெட்டியை அக்ரஹாரத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே காளிதாஸ் என்று ஒருவர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஜப்பான் டிஸ்க்குப்பா. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பூட்டு போட்டு வெச்சிருக்கான். நம்ம ஊரு மெஷினு இத ஏத்துக்காது. உள்ள ஒரு சிப்பு வெச்சுத் தர்றேன், அப்புறம் எந்த ஊரு டிஸ்க்கும் ஓடும். ஆனா நோடு, பாத்துக்கோ, லென்ஸு பழசு. அப்பப்ப ஹேங்காகி அப்படியே நின்னுரும். ஆஃப் பண்ணிட்டுத் திரும்பப் போடணும், அவ்வளவுதான்" என்றார். இரண்டு நாளில் சாலிடர் செய்து கொடுத்துவிட்டார். இப்போது எல்லாம் ஓடுகின்றன. எனக்குத்தான் ஒரு எழுத்தும் புரியவில்லை. வாள்காரன் யாரைப் பார்த்தாலும் அரை மணி நேரம் பேசுகிறான். சமையல் விளையாட்டில் எதையோ கருக்கிவிட்டு ஒரு கிழவரிடம் வசை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

ரயில் மட்டும் படிக்காமலே விளையாட முடிகிறது. நிஜப் பாதையில் எஞ்சினுக்குள்ளிருந்து படம் பிடித்திருக்கிறார்கள். வேகம் கூட்டுவது, பிரேக் போடுவது, பிளாட்பாரத்தில் கோட்டுக்கு நேராக நிறுத்துவது, இவ்வளவுதான். கட்டிலில் கிடந்த அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். "எந்த ஊரு ரயிலு?" என்றாள். ஜப்பான் என்றேன். "செலினு இதுலதான் வேலைக்குப் போறாளா?" இதே மாதிரி ஒன்றில் என்றேன். அன்று சாயங்காலம் முழுக்க என்னை எழுந்திருக்கவிடவில்லை. அப்பா அசோகபுரம் ரயில்வே ஒர்க்ஷாப்பில் இத்தனை வருடம் பெட்டி ரிப்பேர் பார்த்தாரே, ஒரு நாளாவது எஞ்சினுக்குள் உட்கார்ந்திருப்பாரா என்று நினைத்துக்கொண்டேன்.

போனில் சொல்ல முடியாததை எழுதச் சொன்னாய். வலது கை சுத்தமாக வரவில்லை. சொற்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. தண்ணீர் என்பது போய்விட்டது, நீரு என்கிறாள். வேண்டாம் என்பதற்குப் பேடா. தமிழ் முதலில் போகிறது, கன்னடம் நிற்கிறது. குளிப்பாட்டும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறாள். நானும் மூடிக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம். ரயில் கேமில் முதல் பக்கத்தில் நான்கு வரி வருகிறது. மூன்றாவதைத் தெரியாமல் அழுத்தினால் நான் எதையும் தொடாமலே ரயில் ஓடுகிறது. அது என்ன?

டேவிஸ்


இசோமுரா
8 ஆகஸ்ட் 2023

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

குளிப்பாட்டும்போது நீ கண்ணை மூடாதே. ஒரு பெரிய டவலை நனைத்து அவள் மேல் போர்த்திவிட்டு, டவலுக்குக் கீழே கையை விட்டுக் கழுவு. காலிலிருந்து ஆரம்பி. முகத்தில் ஆரம்பித்தால் பயந்துவிடுவார்கள். வாய் மூடாமல் ஏதாவது பேசிக்கொண்டே இரு, கறி விலை, பக்கத்து வீட்டுச் சண்டை, எதுவானாலும். பெற்ற மகன் கழுவுகிறான் என்பது அவளுக்கு மறந்திருக்கும் அந்த நேரம்.

அந்த மூன்றாவது வரி, தானாக ஓட்டிக் காட்டுவது. யாரும் ஓட்ட வேண்டாம், வேடிக்கை பார்த்தால் போதும். முதல் வரி நாம் ஓட்டுவது. இரண்டாவது பழகிப் பார்ப்பது. நான்காவது வெளியே வருவது. கடைசி நிலையம் வந்ததும் கேள்வி கேட்டு நிற்கும். அதற்கு இடப்பக்கம் இருப்பதை அழுத்தினால் திரும்ப முதலிலிருந்து ஓடும். அப்புறம் என்றைக்கும் கேட்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். எழுத்துகளைக் கீழே வரைந்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

நான் போய்வரும் கடலோரப் பாதைக்கும் இப்படி ஒரு டிஸ்க் உண்டாம். கூட வேலை செய்யும் பெண் சொன்னாள். கிடைத்தால் அனுப்புகிறேன். நான் இறங்கும் ஸ்டேஷனில் நீல நிறக் கைப்பிடிச் சுவர் இருக்கும், அதைத் தாண்டினால் கடல். அம்மாவிடம் காட்டு.

அக்கா


மைசூரு
3 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் உன் டிஸ்க் வந்தது. கேக்கைவிட அம்மாவுக்கு அதுதான் பண்டிகை.

ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து, "வந்துச்சா? இதா?" என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கேட்டாள். இசோமுரா வந்து நீலச் சுவர் தெரிந்ததும் நான் கோட்டுக்கு நேராக நிறுத்திவிட்டு, "இதுதாம்மா, இங்கதான் அக்கா எறங்கும்" என்றேன். பிளாட்பாரத்தில் குடை வைத்த ஒரு பெண்ணும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நிற்கிறார்கள். அம்மா எல்லா முகத்தையும் பார்த்தாள். "எங்க அவ?" என்றாள்.

"இது எப்பவோ எடுத்த படம்மா. அக்கா அப்ப ஜப்பானே போகல."

"ஹௌதா?" என்றாள். அப்படியா என்று கேட்டதோடு விட்டுவிடவில்லை. "திரும்ப ஓட்டு" என்றாள். அன்றிலிருந்து தினமும் அந்தப் பாதைதான். மற்ற டிஸ்க்கைப் போட்டால் பேடா, பேடா என்று கட்டிலைத் தட்டுகிறாள். வார்த்தைகள் போனாலும் இசோமுரா மட்டும் போகவில்லை. ஜெபமாலை சொல்லும்போதுகூட நடுவில் வருகிறது.

சில நாள் நடுவழியில் படம் உறைந்து நின்றுவிடும். ஒரே ரீங்காரம் கேட்கும். அணைத்துப் போடும்வரை அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

இன்னொரு செய்தி. பழைய கம்பெனியில் திரும்பக் கூப்பிடுகிறார்கள். இந்தத் தடவை கான்ட்ராக்ட் இல்லை, நிரந்தரம். ஜூனில் சேர வேண்டும். நீ ஏப்ரலில் வருகிறாய், ஒரு மாதம் அம்மாவோடு பழகிக்கொண்டால் நான் நிம்மதியாகப் போகலாம் என்று சரி சொல்லியிருக்கிறேன். எனக்கும் இருபத்தெட்டு ஆகிறதக்கா.

டிக்கெட் போட்டதும் சொல்.

டேவிஸ்


இசோமுரா
19 பிப்ரவரி 2024

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு வாரம் தள்ளிவிட்டேன். மொழித் தேர்வில் தேறிவிட்டேன். இல்லத்தில் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். ஏப்ரலில் வர முடியாது. வரமாட்டேன் என்று சொல்லவில்லை, ஏப்ரலில் முடியாது.

உனக்குக் கோபம் வரும். ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதே. அப்பா போனதிலிருந்து அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் "செலின், செலின்" என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே எனக்கு ஒரு அறை இருக்கிறது, சின்ன அறைதான். வேலை முடிந்து கதவைச் சாத்தினால் யாரும் கூப்பிடுவதில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

பகலில் வந்து போகிற மாதிரி ஒரு ஆள் பார். சம்பளம் நான் அனுப்புகிறேன். வேலைக்கு நீ போய்த்தான் ஆக வேண்டும், அதை விட்டுவிடாதே.

அக்கா செலின்


மைசூரு
27 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

ஆள் பார்த்தேன். காவேரி என்று ஒரு அம்மாள், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், நல்ல மனுஷி. அம்மா அவர் ஊட்டியதைத் துப்பினாள். துணி மாற்றப் போனால் இடது கையால் அடித்தாள். நீ சொன்னபடி டவல், கால், பேச்சு எல்லாம் காவேரியம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு வாரம் பொறுத்தார். "நன்ன கைலி ஆகல்லப்பா, என்னால முடியாது. உங்கம்மா கண்ணுல நான் திருடி" என்று போய்விட்டார். அடுத்து வந்தவள் ஒரு நாளோடு சரி.

அம்மாவுக்கு வேண்டியது நானும் அந்த ரயிலும்தான். நீயும் வேண்டும், ஆனால் நீ ரயிலுக்குள் இருக்கிறாய்.

ஜூன் முதல் தேதி வேலைக்குச் சேர்கிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும். இதை விட்டால் இன்னொரு தடவை கூப்பிடமாட்டார்கள். இனி நீ சொல்.

டேவிஸ்


இசோமுரா
16 மே 2024

தம்பிக்கு,

டிசம்பரில் வருகிறேன். அதற்கு முன்னால் வழியே இல்லை, இல்லத்தில் இரண்டு பேர் விலகிவிட்டார்கள். அதுவரை எப்படியாவது சமாளித்துக்கொள்.

செலின்


மைசூரு
14 ஜூலை 2024

அக்காவுக்கு,

சமாளித்துக்கொள் என்றாய். எப்படிச் சமாளிக்கிறேன் என்று எழுதிவிடுகிறேன், நாளைக்குத் தெரியாது என்று சொல்லக் கூடாது.

காலை ஷிஃப்ட். கம்பெனி பஸ் வருவதற்குள் அம்மாவைக் கழுவி, ஊட்டி, மாத்திரை கொடுத்து, தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைக்கிறேன். இடது கைக்கு எட்டும் இடத்தில் தண்ணீர். பிறகு ரயில் டிஸ்க்கைப் போட்டு, நீ வரைந்து அனுப்பிய அந்த மூன்றாவது வரியை அழுத்துகிறேன். ரயில் தானாக ஓடுகிறது. இசோமுரா வரும், போகும், திரும்ப வரும். "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்கிறாள் அம்மா, ரயிலை அவள்தான் பார்த்துக்கொள்வது போல.

கதவை வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன். ஒரு தடவை எப்படியோ சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசல்வரை வந்துவிட்டாள், அதற்குப் பிறகுதான். இன்னொரு சாவி அஷ்வினியிடம். மதியம் வந்து ஊட்டிவிட்டு, துணி நனைந்திருந்தால் மாற்றிவிட்டுப் போகிறாள். அவளிடம் மட்டும் அம்மா அடம்பிடிப்பதில்லை, அவள் டிவியை அணைப்பதில்லை என்பதால். படம் நின்றிருந்தால் அணைத்துத் திரும்பப் போடவும் அவளுக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

இந்த ஒன்றரை மாதத்தில் ஒன்றும் ஆகவில்லை. மாலையில் நான் வந்தால் எனக்கு ரயில் கதை சொல்கிறாள். மழை வந்தது, குடைக்காரி நின்றாள் என்று. சில நாள் முன்பைவிடச் சந்தோஷமாக இருக்கிறாள் என்றுகூடத் தோன்றுகிறது.

நீ டிசம்பரில் வருவாய்தானே?

டேவிஸ்


இசோமுரா
11 ஆகஸ்ட் 2024

தம்பிக்கு,

கடிதம் வந்தது. இங்கே நான் ஒரு முதியவரை அறைக்குள் வைத்துப் பூட்டினால் அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் பூட்டுவது சரி என்று என் வாயால் சொல்லமாட்டேன். ஆனால் அவள் வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டால் அது இன்னும் மோசம். நீ வேறென்ன செய்வாய்?

கட்டில் காலை அறுத்துத் தாழ்த்தச் சொல். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பழைய மெத்தையைப் போடு. விரிப்பு எதுவும் சுருண்டு கிடக்க வேண்டாம். டிவியை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தி வை, எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றாது.

ரயில் ஓடட்டும். அவள் ஆசையாகத்தானே பார்க்கிறாள்.

அக்கா


மைசூரு
30 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

அடக்கத்தன்று நீ போனில் பார்த்துக்கொண்டிருந்தாய். போனைப் பிடித்திருந்த பங்குக் கோவில் பையன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றான், உனக்கு எவ்வளவு தெரிந்ததோ தெரியாது. அதற்கு மறுநாள், என்ன நடந்ததென்று ஒன்று விடாமல் எழுது என்றாய். எழுதுகிறேன்.

அம்மா விழுந்ததற்கு முந்தைய நாள் அஷ்வினி வந்தாள். "கௌதள்ளில எங்க பெரியப்பா தவறிட்டாருங்க. காலைல கெளம்பறேன், மறுநாளு வந்துருவேன். நாளைக்கு ஒரு நாளு நீங்க லீவு போட்டுக்கறீங்களா?" என்றாள். போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னேன். போடத்தான் நினைத்தேன். காலையில் சூப்பர்வைசருக்குப் போன் செய்யக் கையில் எடுத்தேன். வேலையை உறுதி செய்யும் கடிதம் அந்த வாரம் வர வேண்டும். காய்ச்சல் என்று அந்த மாதம் ஏற்கனவே லீவு போட்டிருந்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "என்னடா நிக்கற? பஸ்ஸு போயிரும்" என்றாள்.

போனைப் பையில் போட்டுக்கொண்டேன். இட்லியை நசுக்கி ஊட்டினேன். கூட ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன். டிஸ்க்கைப் போட்டேன். நீலச் சுவர் வரும்வரை நின்று பார்த்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போனேன்.

ஷிஃப்ட் முடிந்து தெருவில் வரும்போதே அந்த ரீங்காரம் கேட்டது. பூட்டைத் திறந்தேன். ரயில் ஏதோ ஒரு சிக்னலுக்கு முன்னால் உறைந்து நின்றது, ஸ்டேஷன்கூட இல்லை. அம்மா தரையில் கிடந்தாள். மெத்தையைத் தாண்டி, டிவி மேசைக்குக் கிட்டே. வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. சேலை நனைந்து, நனைந்தது காய்ந்தும்போயிருந்தது. எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்டாய். எனக்குத் தெரியாது. காய்ந்த சேலையை வைத்து உன்னால் சொல்ல முடியும், நீ இந்த வேலையில் இருப்பவள்.

நினைவு இருந்தது. உதடு வெடித்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். அப்போது பேசினாள். "ரயிலு நின்னு போச்சுடா. நடுக்காட்டுல நிக்குது. உள்ள செலினு இருக்கா, பயந்துக்குவா. யாராச்சும் போயிச் சொல்லணும்ல?" என்றாள். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை, ஒன்றும் கன்னடத்தில் வரவில்லை. அவ்வளவு நீளமாக அவள் தமிழ் பேசி ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

"சொல்லிட்டேன்மா, கெளம்பிரும்" என்றேன்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷனுக்குத் தாங்கமாட்டாள் என்றார்கள். பிறகு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது, மிச்சமெல்லாம் உனக்குப் போனில் சொன்னதுதான். கடைசி நாட்களில் உன்னையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. "தேவநேசன் டூட்டி முடிஞ்சு வந்துட்டாரா?" என்று அப்பாவைப் பெயர் சொல்லிக் கேட்டாள். அதுவரை அப்பாவை அவள் பெயர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

பூட்டிவிட்டுப் போனேன் என்று நீ என்னைச் சொல்லலாம். லீவு போடவில்லை என்று சொல்லலாம், அதை நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அடக்கத்தன்று போனில், "அம்மாவத் தனியா விட்டுட்டுப் போயிட்டியேடா" என்று கத்தினாயே, எல்லோரும் கேட்கும்படி. அதை வேறு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நீ சொல்லக் கூடாது அக்கா.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தினமும் இப்படிப்பட்டவர்களோடு இருப்பவள் நீ. நான் வீட்டில் இருந்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாளா? என்னைத் தேற்ற வேண்டாம். உள்ளதைச் சொல்.

டேவிஸ்


இசோமுரா
2 டிசம்பர் 2024

டேவிஸுக்கு,

உள்ளதைச் சொல்லச் சொன்னாய்.

அவள் விழுந்ததை நீ தடுத்திருக்க முடியாது. போன வாரம் இங்கே ஒரு பெரியவர் என் கண்முன்னால் விழுந்தார். கை நீட்டினால் தொடும் தூரம். நீட்டினேன், அதற்குள் விழுந்துவிட்டார். எத்தனை பேர் சுற்றி நின்றாலும் விழுகிறவர்கள் விழுகிறார்கள். நீ சமையலறையில் அடுப்பின் முன் நின்றிருந்தாலும் அம்மா அந்த மேசைக்குப் போயிருப்பாள், விழுந்திருப்பாள், இடுப்பும் முறிந்திருக்கும்.

ஆனால் உடனே தூக்கியிருப்பாய். ஈரச் சேலையோடு தரையில் அவ்வளவு நேரம் கிடந்திருக்கமாட்டாள். நெஞ்சில் சளி கட்டியது அதனால் இருக்கலாம். அது இல்லாமலும் கட்டியிருக்கலாம், இடுப்பு முறிந்த பலருக்குக் கட்டும். எது என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அந்தப் பெரியவரின் மகன் தொலைவிலிருந்து ரயில் பிடித்து வந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. "அப்பாவை வீட்டிலேயே வைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது, நான்தான் இங்கே கொண்டுவந்து விட்டேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். இப்படி அழுகிறவர்களிடம் சொல்வதற்கு எங்களுக்கு ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இது யார் செய்த தவறும் இல்லை, நீங்கள் உங்களால் முடிந்ததெல்லாம் செய்தீர்கள் என்று. நான் குனிந்து வணங்கிவிட்டு அதைச் சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

வேலை முடிந்து அறைக்கு வந்து, அதே வாக்கியத்தை உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஜப்பான் மொழியில் எத்தனையோ பேரிடம் சொன்னதுதான், அதில் பொய் எதுவும் இல்லை. தமிழில் எழுத எடுத்தால் வரவில்லை. எழுதிக் கிழித்தேன். மறுநாளும் உட்கார்ந்தேன். நீ செய்தது ஒவ்வொன்றையும் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்தாய். பூட்டியது எனக்குத் தெரியும். ரயில் ஓடட்டும் என்று என் கையால்தான் எழுதினேன். எல்லாம் தெரிந்தும் உன்மேல் இருக்கும் கோபம் போகவில்லை. உன்மேல் கோபம் போனால் அது யார்மேல் வந்து நிற்கும் என்றும் எனக்குத் தெரியும். அதனால் அதைப் போகவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

இல்லத்தில் புது ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த மாதம் வரவில்லை. அடுத்த வருடமும் என்னை எதிர்பார்க்க வேண்டாம். வீட்டை உன் விருப்பப்படி வைத்துக்கொள். கல்யாணம் செய்துகொள். அஷ்வினிக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்.

கொஞ்ச காலத்துக்கு எனக்கு எழுதாதே. போனும் வேண்டாம். எவ்வளவு காலம் என்று எனக்கே தெரியவில்லை.

அம்மாவின் வருட நினைவுப் பூசைக்குக் கோவிலில் பெயர் கொடுப்பாய். யார் பூசை வைக்கிறார்கள் என்று பூசைக்கு முன்னால் மைக்கில் வாசிப்பார்கள். அதில் உன் பெயரை மட்டும் கொடு. பிள்ளைகள் இருவரும் என்று வாசிக்க வேண்டாம் என்று சாமியாரிடம் முன்னாலேயே சொல்லிவிடு.

செலின்